விசித்திரமான பழைய கோல்ஃப் மட்டைகள்: சுவரில் மாட்டவா, எடுத்து ஆடவா?

கோணல்கழுத்து எழுதியது:

பழைய கோல்ஃப் மட்டை சேர்ப்பவர்கள் பலரும் நல்ல முத்திரை, கெடாத மரம், யாரோ பெரிய ஆட்டக்காரரின் பெயர் என்று தேடுவார்கள். எனக்கு வேறு கிறுக்கு. பார்த்தவுடன் "இதை எவன் செய்தான், எதுக்குச் செய்தான்?" என்று கேட்க வைக்கும் மட்டைதான் வேண்டும்.

இப்போது பையில் இருப்பவற்றைச் சொல்கிறேன். கழுத்தில், அதாவது தண்டு தலையோடு சேரும் இடத்தில், வரிசையாகத் துளை போட்ட ஒரு மாக்ஸ்வெல் மாஷி (நடுத்தர தூரத்துக்கான பழைய இரும்பு மட்டை). கழுத்துக்கு முன்னால் முகம் துருத்திக்கொண்டு நிற்கும் ஒரு ஃபேர்லி அயர்ன் (இரும்புத் தலை மட்டை). அலுமினியத் தலை வைத்த ஒரு மில்ஸ் பட்டர் (பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் மட்டை). அடிப்பாகம் படகு மாதிரி கூராக இருக்கும் 1970களின் ஜின்டி வுட் (தூரம் அடிக்கும் பருத்த தலை மட்டை) ஒன்று. இவற்றை எடுத்துக்கொண்டு முழுச் சுற்று ஆடுவேன். கூட ஆடுகிறவர்கள் சிரிப்பார்கள், மூன்றாவது குழி வருவதற்குள் ஒரு தடவை அடித்துப் பார்க்கவா என்று கேட்பார்கள்.

ஃபேர்லியைப் பற்றிக் கொஞ்சம். 1891இல் காப்புரிமை வாங்கிய வடிவம் அது. பந்து கழுத்தில் பட்டு வலப்பக்கம் தெறித்து ஓடுமே, அந்த ஷாங்க் வராமல் இருக்க ஒரே வழி கழுத்தைப் பாதையிலிருந்து விலக்குவதுதான் என்று ஒருவர் நினைத்திருக்கிறார். அதற்காக முகத்தையே கழுத்துக்கு முன்னால் தள்ளிவிட்டார். ஷாங்க் நிஜமாகவே குறைகிறது. ஆனால் கீழ் விளிம்பு கை எதிர்பார்ப்பதற்கு முன்பே தரையைத் தொடுவதால், பந்துக்குப் பின்னால் மண்ணைக் கிளறிவிடுகிறது. பந்தை வழக்கத்தைவிடச் சற்றுப் பின்னுக்கு வைத்து நின்றால் சரியாகிறது. இதைச் சுவரில் மாட்டி வைத்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்குமா?

நீங்கள் எதை வைத்து ஆடுகிறீர்கள்? எது வெறும் வேடிக்கை, எது உண்மையிலேயே வேலை செய்கிறது?

ஹிக்கரிப்பித்தன் எழுதியது:

வாங்க, நம்ம ஆள்!

முதலில் ஒரு எச்சரிக்கை. ஹிக்கரி மரத் தண்டு உள்ள மட்டையை யார் கேட்டாலும் உடனே நீட்டிவிடாதீர்கள். எஃகுத் தண்டுக்குப் பழகியவர் அடியின் தொடக்கத்திலேயே வெடுக்கென்று இழுப்பார். ஹிக்கரி வளைவதோடு முறுக்கவும் செய்யும். பழைய ஸ்காட்டிஷ் ஆட்டக்காரர்களின் வீச்சு நிதானமாக, நீளமாக இருந்ததற்குத் தண்டுதான் காரணம் என்று ஒரு ஹிக்கரி மட்டையைப் பத்து நிமிடம் பிடித்தாலே தெரிந்துவிடும்.

அடிக்கும் முன் நான் பார்ப்பது: தலையை ஒரு கையிலும் பிடியை மறு கையிலும் பிடித்து மெதுவாக முறுக்குவேன். டிக் என்று சத்தம் வந்தாலோ, தலை ஆடினாலோ அன்று அதற்கு ஓய்வு. தண்டில் நாரோட்டம் எங்கே ஓரமாக வெளியேறுகிறது என்று வெளிச்சத்தில் பார்ப்பேன். கழுத்துக்குச் சற்று மேலே அது சரிவாக வெளியேறினால் அங்கேதான் ஒரு நாள் ஒடியும். பயிற்சி மைதானத்து ரப்பர் பாயில் வைத்து ஹிக்கரியை அடிக்கவே கூடாது. பாய்க்கு அடியில் இருக்கும் கான்கிரீட்டின் அதிர்ச்சி முழுக்கத் தண்டில் இறங்கும். பயிற்சிப் பந்துகளும் வேண்டாம், அவை கல். அழுத்தம் குறைந்த மென்மையான பந்து போதும்.

உங்கள் மாக்ஸ்வெல் மாஷியில் உள்ள துளைகள் அழகுக்காகப் போட்டவை இல்லை, உங்களுக்கும் தெரிந்திருக்கும். கழுத்து இரும்பைக் குறைத்து எடையைத் தலைக்குக் கொண்டுபோகும் முயற்சி. இன்றைய மட்டைகளில் கழுத்தைக் குட்டையாக்கி எடையை முகத்தின் ஓரங்களுக்குப் பரப்புகிறார்களே, அதே கணக்குதான். கையில் துளைக்கருவி மட்டுமே இருந்த காலம், அவ்வளவுதான் வித்தியாசம்.

கண்ணாடிப்பெட்டி எழுதியது:

மன்னிக்கவும், நான் எதிர்க்கட்சி.

மாக்ஸ்வெல், மில்ஸ் எல்லாம் நிறைய வந்தவை, ஆடுங்கள். ஆனால் எல்லாவற்றையும் அடித்துப் பார்க்கலாம் என்ற மனப்பான்மை பரவினால் சிக்கல். ஸ்காட்லாந்தின் மொன்ட்ரோஸ் ஊர் ஜேம்ஸ் ராஸ் பிரவுன் 1900களின் தொடக்கத்தில் செய்த பற்கள் வைத்த அயர்னை எடுத்துக்கொள்ளுங்கள். முகம் முழுத் தகடாக இருக்காது, சீப்புப் பல் மாதிரி கம்பிகளாகப் பிளந்திருக்கும். தேங்கிய தண்ணீரிலோ மணலிலோ பந்து கிடந்தால், தண்ணீரும் மணலும் பற்களுக்கு நடுவே போய்விடும், பந்து மட்டும் அடிபடும் என்பது யோசனை. இன்று அதில் ஒரு பல் வளைந்தால் முடிந்தது கதை. வளைந்ததை நிமிர்த்தினால் அது அசலாக இருக்காது. உடைந்ததை ஒட்டினால் அதைவிட மோசம். ஒரு மதிய ஆட்டத்தின் குஷிக்காக நூறு ஆண்டு தாண்டிய ஒன்றைப் பணயம் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொன்று. வாங்கியவுடன் கம்பித் தூரிகை போட்டுப் பளபளவென்று தேய்த்துவிட்டுப் படம் போடுகிறார்கள் சிலர். பார்க்கவே வயிறு எரிகிறது. முகத்தில் தயாரிப்பாளரின் குறி, கோடுகள், புள்ளிகள் எல்லாம் மேலோட்டமாகத்தான் குத்தியிருப்பார்கள். தேய்த்தால் போயே போச்சு.

கோணல்கழுத்து எழுதியது:

பற்கள் வைத்த அயர்ன் என்னிடம் இருந்தால் நானும் பெட்டியில்தான் வைப்பேன். அரியதை அடிக்கச் சொல்லவில்லை. அதே வடிவத்தில் இன்று செய்த நகல் கிடைத்தால் அதை அடிக்கலாமே? கேள்வி கேட்பதற்கு அசல் இரும்பு தேவையில்லை, அசல் வடிவம் போதும்.

மணற்குழிவாசி எழுதியது:

அந்தப் பற்கள் வைத்த மட்டையைத் தண்ணீரில் இறக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். தண்ணீர் வழிவிடும், சரி. பந்து பற்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டால்? அப்புறம் பந்தோடு மட்டையைக் குழிவரை தூக்கிப்போக வேண்டியதுதான்.

பந்துதான்_காரணம் எழுதியது:

இழை முழுக்க மட்டையைப் பற்றியே பேசுகிறீர்கள். பாதி விசித்திரங்களுக்கு விடை பந்தில் இருக்கிறது.

ஸ்பால்டிங் கம்பெனி 1897 வாக்கில் விற்ற கிரான் கிளீக்கைப் பாருங்கள். அயர்ன் மட்டைதான், ஆனால் முகத்தைக் குடைந்து நடுவில் மரக்கட்டை பதித்திருப்பார்கள். இன்றைய பந்தை வைத்து அதை அடித்தால் ஒன்றும் புரியாது, இரும்பில் எதற்கு மரம் என்றுதான் தோன்றும். அது கட்டாபெர்ச்சா பந்தின் காலம். அந்தப் பந்து கெட்டிப் பிசின் உருண்டை. குளிரான காலையில் நீள அயர்னால் சரியாகப் படாமல் ஓரத்தில் அடித்தால் விரல் நுனிவரை விண்ணென்று அதிரும். அதைத் தணிக்கத்தான் மரம். அடுத்த சில ஆண்டுகளில் ஹாஸ்கெல்லின் ரப்பர்நூல் பந்து வந்தது. 1902இல் இங்கிலாந்தின் ஹொய்லேக்கில் சாண்டி ஹெர்ட் அதை வைத்து பிரிட்டிஷ் ஓபன் பட்டத்தை வென்றதும் கட்டாவின் கதை முடிந்தது. கூடவே கிரான் கிளீக்கின் தேவையும் போனது.

புதிய பந்து இன்னொரு தலைவலியைக் கொண்டுவந்தது. துள்ளிக்கொண்டு ஓடும், கிரீனில் (குழியைச் சுற்றியுள்ள வெட்டிய புல்தரையில்) நிற்காது. உடனே முகத்தில் ஆழமான பள்ளக் கோடுகள் வெட்டிய அயர்ன்கள் வரிசையாக வந்தன. ஸ்டாபம், பேக்ஸ்பின் என்று பெயரிலேயே சங்கதி இருக்கும். 1921இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் ஜாக் ஹட்சிசன் ஓபன் வென்றது அப்படிப்பட்ட முகம் கொண்ட மட்டைகளோடுதான். அதன்பிறகு அவற்றைத் தடை செய்துவிட்டார்கள்.

ஆகவே, பழைய மட்டையையும் இன்றைய பந்தையும் சேர்த்து ஆடிவிட்டு "இது வேலை செய்யவில்லை" என்று தீர்ப்பு சொல்வது பாதி விசாரணைதான். கட்டா பந்தின் நகல் செய்கிறார்கள். அதை வைத்து ஒரு தடவை கிரான் கிளீக் அடித்துப் பாருங்கள். தூரம் குறைவாகத்தான் போகும். ஆனால் கை சொல்லும் கதை வேறு.

மூன்றுபட் எழுதியது:

எனக்கு நீளமான மட்டைகளில் ஆர்வம் இல்லை, பட்டர்தான். விசித்திரம் என்றால் பட்டரை மிஞ்ச எதுவும் கிடையாது, ஏனென்றால் பட்டர் போடும்போதுதான் மனுஷன் எதையும் நம்பத் தயாராக இருப்பான்.

கோணல்கழுத்து மில்ஸ் பட்டர் வைத்திருப்பதாகச் சொன்னார். அந்த வில்லியம் மில்ஸ் யார் தெரியுமா? சண்டர்லேண்டில் அலுமினிய வார்ப்புத் தொழில் செய்தவர். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படைகள் வீசிய மில்ஸ் கையெறிகுண்டு அவருடையதுதான். ஒரே ஆள், ஒரே வார்ப்படக் கலை, குண்டுக்கு முன்னால் பட்டர். அலுமினியத்தில் வார்த்தால் ஒவ்வொரு தலையும் ஒரே எடையில் வரும் என்பதுதான் அவர் வாதம். கையால் செதுக்கும் மரத்தலையில் அது நடக்காது.

அடுத்து ஸ்கெனெக்டடி. நியூயார்க் மாநிலத்தில் அந்த ஊரில் இருந்த ஆர்தர் நைட் வடிவமைத்தது, 1903இல் காப்புரிமை. அலுமினியத் தலை, தண்டு ஓரத்தில் இல்லாமல் தலையின் நடுவுக்கு அருகே இறங்கும். ஆஸ்திரேலியாவில் பிறந்து அமெரிக்காவில் ஆடிய வால்டர் டிராவிஸ் 1904இல் இங்கிலாந்தின் சாண்ட்விச் ஊருக்குச் சென்று பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டத்தை இதை வைத்துத் தூக்கிவிட்டார். இறுதியாட்டத்தில் எதிராளி எட்வர்ட் பிளாக்வெல், பயங்கர தூரம் அடிப்பவர். டிராவிஸ் தூரம் அடிக்கவில்லை, பட் போட்டார். 1910இல் பிரிட்டன் பக்கம் விதி வகுக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ்காரர்கள் நடுத்தண்டு மாலட் (சுத்தியல் மாதிரித் தலை) வகையைத் தடை செய்தார்கள். அந்தத் தோல்வியின் கடுப்புதான் காரணம் என்று இன்றுவரை பேச்சு. ஆனால் விவகாரம் எழுந்தது நியூசிலாந்திலிருந்து ஒரு கிளப், குரோக்கே (பந்தை மரச்சுத்தியலால் தட்டும் ஆட்டம்) சுத்தியல் மாதிரியான மட்டையை அனுமதிக்கலாமா என்று கேட்டதால். அமெரிக்கச் சங்கம் தடையை ஏற்கவில்லை. கிட்டத்தட்ட நாற்பது ஆண்டு ஒரே பட்டர் ஒரு கரையில் சட்டப்படி சரி, மறு கரையில் தப்பு. 1951இல் இரு தரப்பும் விதிகளை ஒன்றாக்கியபோதுதான் தீர்ந்தது.

ஸ்கெனெக்டடி கையில் எப்படி இருக்கிறது என்று கேட்டால், நன்றாகவே இருக்கிறது. மெதுவான கிரீனில் பிரமாதம். இன்றைய வேகமான கிரீனில் அதன் முகச்சாய்வு அதிகம், பந்து முதலில் சற்று எழும்பிவிட்டுத்தான் உருளும். அந்தக் காலத்துப் புல் நீளமாக இருந்தது, பந்தைப் புல்லின் மேலே தூக்கிவிடத்தான் அந்தச் சாய்வு. பந்துதான்_காரணம் சொன்னதோடு புல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிரான்சின் கஸ்ஸியா பட்டரை யாராவது வைத்து ஆடியிருக்கிறீர்களா? பெரிய கனமான மரத்தலை, மேலிருந்து பார்த்தால் கிராண்ட் பியானோ. எனக்கு இன்னும் சிக்கவில்லை.

கண்ணாடிப்பெட்டி எழுதியது:

கஸ்ஸியா ஒன்று உண்டு. தயவுசெய்து கேட்காதீர்கள், பெட்டியைத் திறக்க மாட்டேன்.

தட்டையடி எழுதியது:

ஒரு குறுக்குக் கேள்வி. இவற்றில் பெரும்பாலானவை அந்தக் காலத்து விளம்பர வித்தைகள்தானே? எல்லாக் காலத்திலும் மட்டை விற்பவர்கள் புதுசு புதுசாக ஏதாவது ஒட்டி விற்பார்கள். நூறு ஆண்டு கழிந்ததால் மட்டும் அது மேதைமை ஆகிவிடுமா? 1890களில் உர்குஹார்ட் என்பவர் ஒரே அயர்னின் முகச்சாய்வை மாற்றிக்கொள்ளும்படி செய்தார். ஒரு மட்டையிலேயே பட்டர் முதல் நிப்லிக் (முகச்சாய்வு மிக அதிகமான அயர்ன்) வரை எல்லாம். யாரும் அதை வைத்துப் பெரிய பட்டம் வென்றதாக நான் கேட்டதில்லை. 1920களில் காக்ரேன் கம்பெனி செய்த ராட்சத நிப்லிக்கின் முகம் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருக்கும். சொல்லுங்கள், அது என்ன கேள்விக்குப் பதில்?

பந்துதான்_காரணம் எழுதியது:

ராட்சத நிப்லிக் மணலுக்கும் உயரமான புல்லுக்கும் வந்த பதில், தப்பான பதில். முகம் பெரிதாக இருந்தால் மணலில் பந்தைத் தவறவிட மாட்டோம் என்று நினைத்தார்கள். ஆனால் மணலில் பிரச்சினை முகத்தின் அளவு இல்லை, கூரான விளிம்பு தோண்டிக்கொண்டு உள்ளே போவதுதான்.

இதற்கு அடுத்த தப்பு இன்னும் சுவாரஸ்யம். 1920களின் கடைசியில் குழிந்த முகம் கொண்ட கனமான மணல் வெட்ஜ் வந்தது, கரண்டி மாதிரி. வால்டர் ஹேகன் பெயரில் விற்றார்கள். அடிப்பாகம் தடிமன் என்பதால் மணலில் தோண்டவில்லை, ஒரு படி முன்னேற்றம். ஆனால் முகம் குழிந்திருந்ததால் ஒரே வீச்சில் பந்து முதலில் கீழ் விளிம்பிலும் பிறகு மேல் விளிம்பிலுமாக இரண்டு தடவை படலாம். 1930இல் ஹொய்லேக் ஓபனில் பாபி ஜோன்ஸ் 16ஆம் குழியின் மணற்குழியிலிருந்து அப்படி ஒரு மட்டையால் வெளியேறினார். அடுத்த ஆண்டே அதற்குத் தடை. பிறகு ஜீன் சாரஸன் நிப்லிக்கின் அடியில் பின்பக்கம் ஈயப்பற்று வைத்து, பின்விளிம்பு முன்விளிம்பைவிடத் தாழ்வாக இருக்கும்படி செய்தார். முகம் தட்டை, அடி தடிமன். 1932இல் பிரின்சஸ் மைதானத்தில் ஓபன் வென்றார். இன்று நீங்கள் பையில் வைத்திருக்கும் வெட்ஜ் அதன் பேரன்.

ராட்சத நிப்லிக், குழிந்த வெட்ஜ், சாரஸன் வெட்ஜ் மூன்றையும் ஒரே மணற்குழியில் அடுத்தடுத்து அடித்துப் பாருங்கள், விளம்பர வித்தையா இல்லையா என்று அப்புறம் பேசலாம். உர்குஹார்ட் விஷயத்தில் உங்கள் கட்சிதான். அந்தத் தலையின் பொறியமைப்பே ஒரு எடை. நட்டும் பல்லும் வைத்த இடத்தில் ஒவ்வொரு அடிக்கும் கடகட சத்தம்.

தட்டையடி எழுதியது:

மூன்றையும் வைத்திருப்பவர் அழைத்தால் வருகிறேன்.

ஜின்டிரசிகன் எழுதியது:

ஹிக்கரிக் காலத்தோடு நிறுத்திவிடுகிறீர்களே. எஃகுத் தண்டு வந்த பிறகும் விசித்திரம் நிற்கவில்லை.

கார்ஸ்டன் சோல்ஹெய்ம் ஜெனரல் எலக்ட்ரிக்கில் பொறியாளர். 1959இல் வீட்டு கராஜில் செய்த பிங் 1ஏ பட்டரைப் பாருங்கள். எடையை இரு முனைகளுக்கும் ஒதுக்கி நடுவே வெறுமை விட்டிருப்பார். அடித்தால் இசைக்கவை மாதிரி ஒலிக்கும், பெயரே அதனால் வந்தது. அன்று எல்லோரும் சிரித்தார்கள். 1962இல் ஜான் பார்னம் தன் 51ஆவது வயதில் பிங் பட்டரோடு கேஜன் கிளாசிக் போட்டியை வென்றார். இன்று கடையில் எந்தப் பட்டரை எடுத்தாலும் ஓரங்களில் எடை இருக்கும். 1ஏ வைத்து நான் ஆடுவேன். நடுவில் பட்டால் நல்ல ஓசை, ஓரத்தில் பட்டால் ஓசை மாறும். கண்ணை மூடிக்கொண்டு பயிற்சி செய்யலாம். ஒரே குறை, கூட ஆடுகிறவருக்கும் நீங்கள் எங்கே அடித்தீர்கள் என்று தெரிந்துவிடும்.

1986 மாஸ்டர்ஸில் ஜாக் நிக்லாஸ் 46 வயதில் வென்றபோது கையில் இருந்த மெக்கிரகர் ரெஸ்பான்ஸ் பட்டர் தலை அளவில் அன்று அபத்தமாகத் தெரிந்தது. இன்று அது சாதாரணம்.

ஜின்டி பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஸ்டான் தாம்சன் 1970களில் செய்தது. கூரான அடிப்பாகம் புல்லைப் பிளந்துகொண்டு போகும். அதே பத்தாண்டில் கோப்ரா பாஃப்ளர் வந்தது, அதில் அடியில் இரண்டு தண்டவாளம். உயரப் புல்லில் நீள அயர்ன் எடுத்து அவமானப்படுகிறவர்களுக்கு இரண்டுமே வரம். வுட்டும் அயர்னும் கலந்த இன்றைய ஹைபிரிட் மட்டை செய்யும் வேலையைப் பாதியாவது செய்தன. ஆனால் ஒன்று, சரிவான தரையில் ஜின்டியைப் பந்துக்குப் பின்னால் வைத்தால் ஒரு பக்கம் சாயும், முகம் எங்கே பார்க்கிறது என்று உறுதியாகாது. தரையில் ஊன்றாமல் சற்று மேலே பிடித்து அடிக்கப் பழக வேண்டும்.

1990களின் கிளீவ்லாண்ட் விஏஎஸ் அயர்ன்களையும் பட்டியலில் சேருங்கள். கழுத்து வளைந்த விதத்தைப் பார்த்தால் வார்ப்பில் ஏதோ தவறு நடந்தது போல இருக்கும். கோரி பேவின் 1995 யுஎஸ் ஓபனை அந்த அயர்ன்களோடுதான் வென்றார். அழகுக்கும் வேலைக்கும் சம்பந்தமே இல்லை.

மணற்குழிவாசி எழுதியது:

விதி தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். இவற்றை எடுத்துக்கொண்டு கிளப் போட்டியில் ஆடினால் வெளியே அனுப்பிவிடுவார்களா?

ஹிக்கரிப்பித்தன் எழுதியது:

பழையது என்பதால் மட்டும் தள்ளுபடி ஆகாது. வடிவம்தான் கணக்கு. மாக்ஸ்வெல், ஜின்டி, பிங் 1ஏ எல்லாம் சாதாரணமாகப் பிரச்சினை இல்லை. குழிந்த முகம் கூடாது. இரண்டு முகம் உள்ள சிப்பர் (கிரீன் அருகே சிறு தட்டலுக்கான மட்டை) கூடாது, பட்டருக்கு மட்டும்தான் இரண்டு முகம் அனுமதி, அதுவும் இரண்டும் ஒரே சாய்வில் இருக்க வேண்டும். சாய்வை மாற்றும் வசதி 2008 முதல் அனுமதி, ஆனால் சுற்றின் நடுவே மாற்றக்கூடாது, எளிதில் மாற்றும்படியும் இருக்கக்கூடாது. பொத்தானை அழுத்தி மாற்றும் உர்குஹார்ட் அதில் அடிபடும்.

பட்டர் தண்டு நேர்க்குத்தாக நிற்கக்கூடாது, குறைந்தது 10 பாகை சாய வேண்டும். அதற்குப் பின்னால் சாம் ஸ்னீட் இருக்கிறார். 1966இல் அவர் கால்களுக்கு நடுவே குரோக்கே பாணியில் பட் போட ஆரம்பித்தார். 1968இல் பந்து உருளும் கோட்டின் இருபுறமும் கால் வைத்து நிற்பதைத் தடை செய்தார்கள். அவர் சளைக்காமல் இரண்டு காலையும் ஒரே பக்கம் வைத்து, குழியைப் பார்த்தபடியே பட் போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் காலத்து நேர்த்தண்டுக் குரோக்கே பட்டர்கள் எங்காவது கிடைத்தால் சேகரிக்கலாம், போட்டியில் வேண்டாம்.

ஹிக்கரிப் போட்டிகள் தனி உலகம். அங்கே பொதுவாக 1935க்கு முந்தைய மட்டை அல்லது ஏற்றுக்கொள்ளப்பட்ட நகல். 2005 முதல் உலக ஹிக்கரி ஓபன் நடக்கிறது, முதல் தடவை ஸ்காட்லாந்தின் மசல்பரோவில். அங்கே போனால் உங்கள் பையைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள், விலை பேசுவார்கள்.

கோணல்கழுத்து எழுதியது:

பயனுள்ள இழையாகிவிட்டது. ஒரு நடைமுறைச் சந்தேகம். என் ஃபேர்லியின் தலை இலேசாக ஆட ஆரம்பித்திருக்கிறது. கழுத்தில் குறுக்கே ஆணி இருக்கிறது, அது உறுதியாகத்தான் தெரிகிறது. எபாக்சிப் பசை ஊற்றிவிடவா?

தச்சுக்கை எழுதியது:

எபாக்சி ஊற்றாதீர்கள்! இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இதற்காகவே எழுதுகிறேன்.

மரம் காய்ந்து சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான். எபாக்சி போட்டால் இன்று இறுகும், நாளை தண்டை மாற்ற நேர்ந்தால் சுட்டுத்தான் எடுக்க வேண்டும், அதில் பழைய இரும்பின் நிறம் போய்விடும். தலையைக் கீழாக வைத்து, கழுத்து மூழ்கும் அளவுக்கு கிளைக்கால் (கார் எஞ்சின் குளிர்விப்பியில் இருக்கும் வேதிப்பொருள்) திரவத்தில் ஓர் இரவு நிறுத்துங்கள். மரம் ஊறிப் பருத்துக் கழுத்தை நிரப்பும். வெறும் தண்ணீரும் பருக்க வைக்கும், ஆனால் காய்ந்ததும் பழையபடி சுருங்கிவிடும், இரும்பும் துருப்பிடிக்கும். கிளைக்கால் சீக்கிரம் காயாது. விஷம் அது, குழந்தைகளும் நாயும் வராத இடத்தில் வையுங்கள்.

மறுநாள் துடைத்துவிட்டு, தண்டு முழுக்க ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தடவி ஊறவிட்டு, மிச்சத்தைத் துடையுங்கள். எண்ணெய்த் துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள், தானாகவே தீப்பற்றும். விரித்துக் காயவிடுங்கள். கழுத்துக்கு மேலே மெழுகு நூல் சுற்று தளர்ந்திருந்தால் அதையும் புதிதாகச் சுற்றிவிடுங்கள்.

ஆணியைத் தொடாதீர்கள். இதற்குப் பிறகும் ஆடினால் ஆணித்துளை பெரிதாகியிருக்கிறது என்று அர்த்தம். அப்போது கழுத்தை இரண்டு பக்கமும் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதுவரை அதை வைத்து அடிக்க வேண்டாம், சிப் கூட.